பிரஸ்ஸை இறுக்கினால் எண்ணெய் கூடுமா?

100 கிலோ செம்பனைக் குலை ஆலைக்குள் போனால், எண்ணெயாக வெளியே வருவது ஏறக்குறைய 20 கிலோ. 2010-இல் அரசாங்கம் பொருளாதார உருமாற்றத் திட்டத்தை அறிவித்தபோது, இதை 2020-க்குள் 23 கிலோவாக உயர்த்த வேண்டும் என்று இலக்கு வைத்தது. 2020 வந்து போய்விட்டது. நாட்டின் சராசரி இன்னமும் 20-ஐ ஒட்டித்தான் நிற்கிறது.

கூட்டரசு நெடுஞ்சாலை 5-இல் தஞ்சோங் காராங், செகிஞ்சான், சுங்கை பெசார், சபாக் என்று வடக்கே போகிறவர்கள் நெல்வயலையும் குலை ஏற்றிய லாரிகளையும் பார்த்திருப்பார்கள். லாரியின் பின்கதவு இடுக்கிலிருந்து உதிரிப் பழங்கள் சாலையில் விழுந்து நசுங்கிக் கிடக்கும். வெயில் ஏறினால் தார் மேல் செம்மஞ்சள் கறை பளபளக்கும். அந்தக் கறையும் எண்ணெய்தான். 23-க்கும் 20-க்கும் நடுவே காணாமல் போன 3 கிலோவைத் தேடப் போகிறவர்கள் பெரும்பாலும் ஆலைக்குள் ஓடி, பிழியும் இயந்திரத்தின் முன்னால் போய் நிற்கிறார்கள். இன்னும் வலுவான பிரஸ், இன்னும் பெரிய பிரஸ், இன்னும் அதிக அழுத்தம் என்று யோசனை போகிறது. இயந்திரம் விற்பவர்களும் அதைத்தான் சொல்கிறார்கள்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் அது அவ்வளவு எளிதாகப் படவில்லை.

100 கிலோவின் கணக்கு

ஆலைக்குள் போன 100 கிலோ குலையில் 20 கிலோ எண்ணெய், 5 கிலோ பருப்பு, 22 கிலோ பழம் உதிர்ந்த வெறுங்குலை, 13 கிலோ நார், 6 கிலோ ஓடு. மிச்சம் தண்ணீரும் ஆவியும் கசடும். ஆலைக்கு ஆலை, மாதத்துக்கு மாதம் சற்று மாறினாலும் பொதுவான கணக்கு இதுதான்.

இதில் பிரஸ்ஸின் பொறுப்பில் இருப்பது நார். பிழிந்த பிறகும் நாரில் எண்ணெய் ஒட்டியிருக்கும். ஈர நாரின் எடையில் அது 4 முதல் 5 விழுக்காடு இருந்தால் ஆலை ஒழுங்காக ஓடுகிறது என்று அர்த்தம். 13 கிலோ நாரில் அது 600 கிராம் அளவுதான். நாரை ஒரு சொட்டு விடாமல் பிழிந்துவிட்டாலும் 20 என்பது 20.6 ஆகும், அதற்கு மேல் ஏறாது. வெறுங்குலையில் உறிஞ்சப்பட்டுப் போவது, கசடோடு குளத்துக்குப் போவது, கொட்டையின் மேல் ஒட்டிக்கொண்டு போவது எல்லாவற்றையும் சேர்த்தாலும், நல்ல ஆலையில் மொத்த இழப்பு ஒன்றரை கிலோவை ஒட்டியே இருக்கும். எந்த இழப்பும் இல்லாத ஓர் ஆலையைக் கட்டினாலும் 23 வராது.

அதற்காகப் பிரஸ்ஸைத் திருத்துவது வீண் வேலை என்று சொல்லிவிட முடியாது. மலேசியா ஆண்டுக்கு ஏறத்தாழ 1 கோடியே 90 லட்சம் டன் கச்சாச் செம்பனை எண்ணெய் எடுக்கிறது. அதற்காக ஆலைகளுக்குள் போகும் குலை 9 கோடி டன்னைத் தாண்டும். எண்ணெய் விகிதம் 0.1 விழுக்காடு கூடினால்கூட நாட்டுக்கு 95,000 டன் எண்ணெய் கூடுதலாகக் கிடைக்கும். டன் 4,000 ரிங்கிட் என்று வைத்தால் 38 கோடி ரிங்கிட். இவ்வளவு பணம் நாருக்குள் ஒளிந்துகொண்டு பாய்லரில் எரிந்து போகிறது. அதை மீட்கத்தான் வேண்டும். எப்படி மீட்பது என்பதில்தான் நூறு ஆண்டுக் கதை இருக்கிறது. அந்தக் கதை தொடங்கியது கோலசிலாங்கூர் வட்டாரத்திலேயே.

தென்னமரம் தோட்டத்தில் தொடங்கியது

பத்தாங் பெர்ஜுந்தை என்று நம் பெரியவர்கள் இன்னும் சொல்லும் பெஸ்தாரி ஜெயாவில் இருக்கிறது தென்னமரம் தோட்டம். பிரெஞ்சுக்காரரான ஹென்றி ஃபொக்கோனியே 1905-இல் மலாயாவுக்கு வந்து சிலாங்கூர் ஆற்றங்கரையில் ரந்தாவ் பாஞ்சாங்கில் தோட்டம் போட்டார். சுமத்ராவில் செம்பனை பயிரிட்டுக்கொண்டிருந்த பெல்ஜியக்காரர் அட்ரியன் ஹாலெட் அவருடைய நண்பர். அங்கிருந்து வந்த விதைகளை ஃபொக்கோனியே முதலில் அழகுக்காகத்தான் நட்டார். 1917-இல், சரிப்பட்டு வராத காப்பிப் பயிருக்குப் பதிலாகத் தென்னமரம் தோட்டத்தில் செம்பனையை வணிகப் பயிராக நட்டார். நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் அதுதான். பின்னாளில் அவர் எழுதிய 'மலேசீ' என்ற நாவலுக்கு 1930-இல் பிரான்சின் கோன்கூர் பரிசு கிடைத்தது. அந்த நாவலைப் பற்றி எழுதுகிறவர்கள் நிறையப் பேர். அந்தத் தோட்டத்துக் குலைகளைச் சுமந்தவர்களைப் பற்றி எழுதியவர்கள் மிகக் குறைவு. அவர்கள் பெரும்பாலும் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள்.

அன்றைய மரங்கள் டூரா வகை. 1848-இல் ஜாவாவின் போகோர் தாவரவியல் பூங்காவுக்கு வந்த நான்கே நான்கு கன்றுகளின் வம்சம் இவை. டூராப் பழத்தின் சதை மெலிது, உள்ளே இருக்கும் ஓடு தடிமன். 2 மில்லிமீட்டரிலிருந்து 8 மில்லிமீட்டர் வரைகூட இருக்கும். இந்தப் பழத்தைத் திருகில் போட்டுப் பிழிவது கோலிக்குண்டுப் பையைப் பிழிவதுபோலத்தான் ஆகும். குண்டும் குண்டும் உரசிக்கொள்ளும், நார் போதாது, அழுத்தம் சதைக்குப் போய்ச் சேராது. அதனால் அந்தக் காலத்து ஆலைகளில் வேகமாகச் சுழற்றி எண்ணெயைப் பிரிக்கும் தொட்டிகளும், பிறகு நீரழுத்தப் பிரஸ்களும் இருந்தன. நீரழுத்தப் பிரஸ்ஸின் தத்துவத்துக்கு இங்கிலாந்தில் ஜோசப் பிராமா காப்புரிமை பெற்றது 1795-இல். ஒரு நடை நிரப்பு, அழுத்து, திற, சக்கையைக் கொட்டு, மறுபடி நிரப்பு. ஆள் பலம் நிறையத் தேவைப்பட்ட வேலை அது. சூடும் எண்ணெய் வழுக்கலும் சேர்ந்து அதை ஆபத்தான வேலையாகவும் ஆக்கின.

இதற்கு நடுவே அமெரிக்காவின் கிளீவ்லண்டில் வலேரியஸ் ஆண்டர்சன் 1900-இல் எக்ஸ்பெல்லருக்குக் காப்புரிமை பெற்றிருந்தார். ஒரு பக்கம் வித்து போய்க்கொண்டே இருக்க, மறுபக்கம் பிண்ணாக்கு வந்துகொண்டே இருக்கும் திருகுப் பிரஸ். நிறுத்தி நிறுத்தி நிரப்ப வேண்டியதில்லை. நல்ல இயந்திரம்தான். ஆனாலும் செம்பனை ஆலைகளுக்குள் அது உறுதியாகக் கால் ஊன்ற 1960-கள் வரை ஆயிற்று. அதற்கு வழி திறந்தவர்கள் பொறியாளர்கள் அல்லர், பயிர் ஆராய்ச்சியாளர்கள். பெல்ஜியக் காங்கோவின் யாங்காம்பியில் பெய்ர்னார்ட், வாண்டர்வேயன் இருவரும் ஓட்டின் தடிமன் எப்படி வம்சத்தில் இறங்குகிறது என்பதை 1941-இல் விளக்கினார்கள். தடித்த ஓட்டு டூராவையும் ஓடே இல்லாத பிசிஃபெராவையும் சேர்த்தால் மெல்லிய ஓட்டு டெனெரா கிடைக்கும். சதை கூடியது, எண்ணெய் ஏறத்தாழ 30 விழுக்காடு கூடியது, அதோடு நாரும் கூடியது. கொட்டைகளுக்கு நடுவே நார் மெத்தையாக நின்று அழுத்தத்தை வாங்கிக்கொள்ள ஆரம்பித்தது. அதன் பிறகே இரட்டைத் திருகுப் பிரஸ் தன் முழு பலத்தையும் காட்டியது. கம்பத்தில் விதை மாறியதால் ஆலையில் இயந்திரம் மாறியது.

1981-இல் இன்னொரு மாற்றம், இதுவும் ஆலைக்கு வெளியே நடந்ததுதான். அதுவரை தோட்டங்களில் செம்பனைப் பூவுக்கு மகரந்தம் தூவும் வேலையை ஆட்கள் கையால் செய்தார்கள். யூனிலீவர் நிறுவனத்தின் லெஸ்லி டேவிட்சனுக்கு இதில் சந்தேகம். ஆப்பிரிக்கக் காடுகளில் யார் தூவுகிறார்கள்? பாகிஸ்தானைச் சேர்ந்த பூச்சியியல் அறிஞர் ரஹ்மான் சையத் கெமரூன் போய் ஆராய்ந்து, அந்த வேலையைச் செய்வது ஒரு சின்னக் கூன்வண்டு என்று காட்டினார். அந்த வண்டை இங்கே கொண்டுவந்து விட்டார்கள். குலையில் காய் பிடிப்பது கூடியது, பருப்பு வரத்து திடீரென்று எகிறியது. ஆலைகள் கொட்டை உடைக்கும் பிரிவையும் பருப்பு உலர்த்தும் பிரிவையும் பெரிதாக்க வேண்டியதாயிற்று. மரத்தில் ஒரு வண்டு உட்கார்ந்ததற்கு ஆலையில் புது இயந்திரம் வாங்கினார்கள்.

பிரஸ் மேடையில்

ஒரு ஆலையின் பிரஸ் மேடையில் ஏறி நின்றால் முதலில் தாக்குவது சத்தமும் வெக்கையும். மேலே டைஜெஸ்டர், ஆவியால் சூடேற்றிய நெட்டையான கொப்பரை. வேகவைத்து உதிர்த்த பழங்கள் அதற்குள் விழும், சுழலும் கைகள் அவற்றைக் கடைந்து கூழாக்கும். சூடு 90 பாகை செல்சியஸுக்குக் கீழே இறங்கக் கூடாது, கொப்பரை முக்கால் பாகத்துக்குக் குறையவும் கூடாது. குறைந்தால் மேலிருந்து அமுக்கும் பாரம் இருக்காது, கூழ் சரியாக மசியாது. மசியாத கூழை எந்தப் பிரஸ்ஸாலும் பிழிய முடியாது.

கீழே பிரஸ். துளையிட்ட எஃகுக் கூண்டுக்குள் இரண்டு திருகுகள் எதிரெதிராக மெதுவாகச் சுழல்கின்றன, நிமிடத்துக்குப் பத்துச் சுற்று அளவில். கூழ் முன்னே தள்ளப்படுகிறது. கடைசியில் ஒரு கூம்பு வாயை அடைத்துக்கொண்டு நிற்கும். அதை நீரழுத்தத்தால் முன்னே தள்ளினால் வழி குறுகும், அழுத்தம் ஏறும். எண்ணெய் கூண்டின் துளை வழியே வழியும், நாரும் கொட்டையும் கூம்பைச் சுற்றிப் பிதுங்கி வெளியே விழும். 'பிரஸ்ஸை இறுக்கு' என்றால் இந்தக் கூம்பை முன்னே தள்ளுவதுதான்.

அனுபவமுள்ள ஆள் அம்பியர் முள்ளைப் பார்ப்பார். மோட்டார் எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்பதே பிரஸ்ஸுக்குள் என்ன நடக்கிறது என்பதைச் சொல்லிவிடும். அதோடு நிற்கமாட்டார். வெளியே விழும் சக்கையில் ஒரு பிடி அள்ளி, சூட்டோடு உள்ளங்கையில் இறுக்கிப் பார்ப்பார். கையில் பளபளப்பு ஒட்டினால் எண்ணெய் போகிறது. அதே பிடியை விரித்து உடைந்த கொட்டைகளைத் தேடுவார். வெள்ளைப் பருப்புத் துண்டுகள் நிறையத் தெரிந்தால் இறுக்கம் மிஞ்சிவிட்டது. "அண்ணே, ரெண்டாம் நம்பர்ல நார் ஈரமா வருது" என்று ஒருவன் கத்தினால், "கூம்பைத் தொடாத தம்பி, முதல்ல மேல சூடு எவ்வளவு இருக்குன்னு பாரு" என்று சொல்கிறவர்தான் நல்ல ஆலைக்காரர்.

ஏனென்றால் இறுக்குவதற்கு விலை உண்டு. நாரில் ஒட்டியிருக்கும் எண்ணெய் குறையும்போது கொட்டை உடைவது கூடும். உடைந்த பருப்புத் துண்டு நாரோடு சேர்ந்து பாய்லருக்குப் போய் எரிந்துவிடும். உடைந்த பருப்பின் எண்ணெயோ செம்பனை எண்ணெயோடு கலந்து அதன் தன்மையைக் கெடுக்கும், பருப்பெண்ணெய் வேறு இனம், தேங்காயெண்ணெய்க்குச் சொந்தக்காரன். ஒரு பக்கம் லாபமாகத் தெரிவது மறு பக்கம் நட்டமாகப் போகிறது. இந்த இரண்டுக்கும் நடுவே எங்கே நிற்பது என்பதே பிரஸ் ஓட்டும் வேலை.

தேய்மானம் இன்னொரு பகை. குலையோடு மண்ணும் மணலும் வருகின்றன, கொட்டை ஓடு கல்போலக் கடினம். திருகின் விளிம்பு தேயத் தேய, திருகுக்கும் கூண்டுக்கும் நடுவே இடைவெளி கூடும், கூழ் பின்னோக்கி வழுக்கும். ஆலை அதே அழுத்தத்தில் ஓடுவதாக மீட்டர் சொல்லும், நார் மட்டும் நாளுக்கு நாள் ஈரமாகும். தேய்ந்த இரும்பின் துகள் எண்ணெயில் கலந்து அது சிக்கெடுப்பதைத் துரிதப்படுத்துவதும் உண்டு. ஒரு திருகு எத்தனை மணி நேரம் ஓடியது என்று எழுதிவைத்து, தேய்ந்த விளிம்பைக் கடின உலோகம் வைத்து வெல்டிங் செய்து, நேரம் வந்ததும் தயங்காமல் மாற்றும் ஆலைதான் எண்ணெய் எடுக்கும். குலை வரத்து உச்சத்தில் இருக்கும் மாதங்களில் 'இந்த வாரம் ஓடட்டும், அடுத்த வாரம் மாற்றலாம்' என்று தள்ளிப்போடுவது வழக்கம். அந்த வாரத்தில்தான் அதிக எண்ணெய் போகிறது.

தண்டவாளம் தந்த எண்ணெய்

பெர்ணம் ஆற்றைத் தாண்டினால் பேரா. ஆற்றுக்கு அந்தப் பக்கம் தெலுக் இந்தான் வட்டாரத்தில் யுனைடெட் பிளாண்டேஷன்ஸ் நிறுவனத்தின் ஜெண்டராட்டா, உலு பெர்ணம் தோட்டங்கள். டென்மார்க்கைச் சேர்ந்த பொறியாளர் ஆகே வெஸ்டன்ஹோல்ஸ் 1906-இல் ஜெண்டராட்டாவில் தொடங்கிய நிறுவனம் அது. இந்தத் தோட்டங்களில் குலை லாரியில் ஏறுவதில்லை, சிறிய ரயிலில் போகிறது. 500 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட குறுகிய தண்டவாளம். வெட்டிய குலை கூண்டு வண்டியில் விழுந்தால், அதே கூண்டோடு வேகவைக்கும் கலத்துக்குள் போகும்.

இதில் என்ன விசேஷம்? பழத்துக்குள்ளேயே ஒரு நொதி இருக்கிறது. பழம் நசுங்கியதும் அது விழித்துக்கொண்டு எண்ணெயை உடைத்துக் கொழுப்பு அமிலமாக்க ஆரம்பிக்கும். வியாபாரத்தில் அந்த அமிலம் 5 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. மரத்திலிருந்து விழும்போது ஒரு அடி, வண்டியில் எறியும்போது ஒரு அடி, இடைத்தரகர் மேடையில் கொட்டும்போது ஒரு அடி, மறுபடி லாரியில் அள்ளும்போது இரும்புக் கை குத்துவது ஒரு அடி, ஆலை வாசலில் கொட்டுவது இன்னொரு அடி. ஒவ்வொரு அடிக்கும் எண்ணெய் கெடுகிறது, உதிரிப் பழம் சிதறுகிறது. வேகவைக்கும் கலத்தில் 140 பாகை ஆவி அந்த நொதியைக் கொல்லும் வரை இது நடந்துகொண்டே இருக்கும். தண்டவாளம் அந்த அடிகளைக் குறைத்துவிட்டது. எண்ணெய்த் தரத்துக்குப் பெயர்போன அந்த நிறுவனம் தன் பெயரைச் சம்பாதித்த இடங்களில் இந்தச் சின்ன ரயிலும் ஒன்று.

வேகவைப்பதைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் 3 பார் அழுத்த ஆவியில் வேகும்போது நொதி சாவது மட்டுமல்ல, பழம் காம்பிலிருந்து விடுகிறது, சதை மிருதுவாகிறது, பருப்பு ஓட்டிலிருந்து சுருங்கி விலகுகிறது. வேக்காடு குறைந்தால் பழம் குலையிலேயே தங்கி வெறுங்குலையோடு வெளியேறிவிடும். அதிகமானால் எண்ணெய் கருத்துப்போகும், வெறுங்குலை அதை உறிஞ்சும். குலை வரிசைகட்டி நிற்கும் நாளில் வேக்காட்டு நேரத்தில் பத்து நிமிடம் திருடுவது மிகச் சுலபம். அந்தப் பத்து நிமிடத்தை எந்தப் பிரஸ்ஸும் திருப்பித் தராது.

நம் ஊர்ச் செக்கும் இதே பாடத்தைத்தான் சொல்லியிருக்கிறது. எள்ளைக் காயவைக்கும் பதம், செக்கில் போடும்போது தெளிக்கும் தண்ணீர், கருப்பட்டி சேர்க்கும் நேரம் என்று வாணியர்கள் பார்த்துப் பார்த்துச் செய்தது எல்லாமே உலக்கை சுற்றுவதற்கு முந்திய பக்குவங்கள், அல்லது கூடவே நடக்கும் பக்குவங்கள். 1934-இல் காந்தி தொடங்கிய அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கத்தைத் தஞ்சாவூர்க்காரரான ஜே.சி. குமரப்பா வார்தாவிலிருந்து நடத்தினார். அங்கே ஜவேர்பாய் பட்டேல் பழைய செக்கைச் சீர்திருத்தி வார்தாச் செக்கை உருவாக்கினார். கிராமத்தான் கையில் இருக்கும் கருவியைத் தூக்கிப் போடாமல், அதன் குறையை அளந்து திருத்துவது அவர்கள் வழி. கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் இன்று மரச்செக்கு எண்ணெய் வாங்குகிறவர்கள், பிண்ணாக்கிலேயே கணிசமான எண்ணெயை விட்டுவிட்டு வரும் எண்ணெய்க்குத்தான் அந்தக் கூடுதல் விலையைக் கொடுக்கிறார்கள். சூடு ஏறாத அந்த எண்ணெயின் மணத்துக்கு அது தகும். செம்பனை வேறு கணக்கு. அங்கே கடைசிச் சொட்டுவரை எண்ணெய், கெடாத எண்ணெய், இரண்டும் வேண்டும்.

சுங்கை பெசாரில் ஒரு விழுக்காடு

இனி அந்த 3 கிலோவைப் பற்றி. டெனெராக் குலையை ஆய்வுக்கூடத்தில் பிரித்துப் பார்த்தால் 25 விழுக்காடும் அதற்கு மேலும் எண்ணெய் இருக்கக் காணலாம். அது பழுத்த குலையில். காயாக வெட்டினால் அந்த எண்ணெய் இன்னும் உருவாகியே இருக்காது. பழம் கனியும் கடைசி வாரங்களில்தான் சதையில் எண்ணெய் வேகமாகச் சேர்கிறது. குலையிலிருந்து குறைந்தது 10 பழங்களாவது தானாக உதிர்ந்திருந்தால்தான் பழுத்த குலை என்று மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியத்தின் தரக் குறிப்பு சொல்கிறது. உதிரிப் பழத்தில் எண்ணெய் இன்னும் அதிகம். அதைக் குனிந்து பொறுக்குவது முதுகு ஒடியும் வேலை, மரத்தடி வட்டத்துக்குள் புல் மண்டியிருந்தால் பாதி கண்ணில் படாது. ஆள் பற்றாக்குறையில் வெட்டுச் சுற்று பத்து நாளிலிருந்து மூன்று வாரமாக நீளும்போது, பழுத்தது உதிர்ந்து அழுகும், அடுத்த சுற்று வரும்வரை தாங்காது என்று காயையும் சேர்த்து வெட்டுவார்கள். 23 எட்டப்படாமல் போனதற்கு முக்கியக் காரணம் இதுதான் என்பது என் உறுதியான எண்ணம்.

சபாக் பெர்ணம் மாவட்டத்தின் சிறுதோட்டக்காரருக்கு இது வயிற்றுப்பாட்டுப் பிரச்சினை. மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியம் வெளியிடும் குலை விலை, 1 விழுக்காடு எண்ணெய் விகிதத்துக்கு இவ்வளவு என்று இருக்கும். அதை எண்ணெய் விகிதத்தால் பெருக்கினால் டன்னுக்கான விலை. எண்ணெய் டன் 4,000 ரிங்கிட் விற்றால், ஒரு டன் குலையில் 1 விழுக்காடு என்பது 10 கிலோ எண்ணெய், 40 ரிங்கிட். 5 ஏக்கர் வைத்திருப்பவர் மாதம் 3 டன் வெட்டினால், விகிதத்தை 19 என்று போடுவதற்கும் 20 என்று போடுவதற்கும் நடுவே மாதம் ஏறக்குறைய 120 ரிங்கிட் வித்தியாசம் வரும்.

அந்த விகிதத்தை யார் போடுகிறார்? ஆலையின் எண்ணெய் விகிதம் நாள் முடிவில் எல்லாருடைய குலையும் கலந்த பிறகு தெரிவது. மேடையில் கொட்டிய உங்கள் குலைக்கு அது தனியாகத் தெரியாது. தரம் பார்ப்பவர் கண்ணால் பார்த்துச் சொல்வதுதான், அதுவும் ஆலைக்கு முன்னால் இடைத்தரகர் மேடையிலேயே ஒரு முறை முடிந்துவிடும். நல்ல குலை வெட்டியவரும் காய் வெட்டியவரும் ஒரே எண்ணில் காசு வாங்கினால், முதுகை வளைத்து உதிரி பொறுக்க யாருக்கு மனம் வரும்? பிரஸ் தேய்ந்து நாரில் எண்ணெய் போனாலும், அந்த ஆலையின் குறைந்த விகிதம் சுற்றிவந்து குலை விலையில்தான் இறங்கும். ஆலையின் இழப்பைச் சிறுதோட்டக்காரர் சுமப்பது நியாயமில்லை. இதை நான் அழுத்தியே சொல்கிறேன்.

இப்போது வந்திருப்பவை

பிழிவதில் உண்மையான முன்னேற்றங்கள் சில நடந்துகொண்டிருக்கின்றன. என்னை அதிகம் கவர்ந்தது இருமுறைப் பிழிவு. முதல் பிரஸ்ஸில் இலேசாக மட்டும் அழுத்துவார்கள், எண்ணெயில் பெரும்பகுதி வந்துவிடும், கொட்டை உடையாது. பிறகு கொட்டையைத் தனியே பிரித்து எடுத்துவிட்டு, வெறும் நாரை மட்டும் இரண்டாம் பிரஸ்ஸில் பலமாகப் பிழிவார்கள். உடைய ஒன்றும் இல்லாததால் எவ்வளவு வேண்டுமானாலும் இறுக்கலாம். இறுக்கினால் பருப்பு போகும், தளர்த்தினால் எண்ணெய் போகும் என்ற பழைய இக்கட்டை இது முறியடிக்கிறது. கூடுதல் இயந்திரம், கூடுதல் மின்சாரம், கூடுதல் இடம் வேண்டும் என்பதால் எல்லா ஆலைக்கும் கட்டுப்படியாகாது.

அளப்பதும் மாறிவருகிறது. நாரில் எவ்வளவு எண்ணெய் போகிறது என்பதை முன்பெல்லாம் மாதிரி எடுத்து, காயவைத்து, கரைப்பானில் ஊறவைத்து, மறுநாள் சொல்வார்கள். மறுநாள் தெரிந்து என்ன பயன்? அந்த நார் எரிந்து சாம்பலாகியிருக்கும். அகச்சிவப்பு ஒளியைப் பாய்ச்சிச் சில நிமிடங்களில் அளக்கும் கருவிகள் இப்போது ஆலைகளுக்குள் வந்துவிட்டன. கூம்பைத் தொடுவதற்கு முன்னால் எண்ணைப் பார்க்க முடிகிறது. புதிய பிரஸ்ஸைவிட இந்தக் கருவி முதலில் வாங்கப்பட வேண்டியது.

நாரைப் பற்றி இன்னொரு செய்தி பலருக்குத் தெரியாது. கச்சாச் செம்பனை எண்ணெயில் ஒரு கிலோவுக்கு 500 முதல் 700 மில்லிகிராம் கரோட்டின் இருக்கும். பிழிந்த நாரில் தங்கிவிடும் எண்ணெயில் அது 4,000-ஐத் தாண்டும். வைட்டமின் ஏ-வுக்கு மூலமான இந்தச் செம்மஞ்சள் சத்தைப் பெரும்பாலான ஆலைகளில் பாய்லரில் போட்டு எரிக்கிறோம். வாரியத்தின் ஆய்வாளர்கள் இதை மீட்கும் வழிகளைக் காட்டியிருக்கிறார்கள். அடுத்த பத்தாண்டில் பிழிவுத் தொழிலுக்குப் புது வருமானம் வரக்கூடிய இடம் இதுதான் என்று நினைக்கிறேன்.

பருப்பின் பாதை வேறு. செம்பனை ஆலை அதைப் பெரும்பாலும் விற்றுவிடும், பருப்பாலைகள் வாங்கி எக்ஸ்பெல்லரில் போடும். பருப்பில் பாதிக்குப் பாதி எண்ணெய். நொறுக்கி, தட்டையாக்கி, சூடேற்றி, இரண்டு முறை பிழிந்தாலும் பிண்ணாக்கில் 6 முதல் 9 விழுக்காடு எண்ணெய் நின்றுவிடும். அந்தப் பிண்ணாக்கு கப்பலேறி நியூசிலாந்து மாடுகளுக்குத் தீவனமாகப் போகிறது, அந்த எண்ணெய் மாட்டுக்குச் சத்து. ஆகவே அங்கே இழப்பு முழு இழப்பு இல்லை.

ஆலைகளுக்குள் நம்மவர்கள் குறைந்துவிட்டார்கள். லயத்து வீடுகளிலிருந்து ஷா ஆலாமுக்கும் கிள்ளானுக்கும் குடும்பங்கள் போனபோது, சக்கையைக் கையில் பிடித்தே ஈரம் சொன்ன ஆட்களும் ஓய்வு பெற்றுப் போனார்கள். அவர்கள் இடத்தில் வங்காளதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் வந்தவர்கள் நிற்கிறார்கள், ஒப்பந்தம் முடிந்ததும் ஊர் திரும்புகிறவர்கள். பாய்லர் ஓட்ட அரசாங்கச் சான்றிதழ் கட்டாயம். பிரஸ் ஓட்ட அப்படி ஒன்றும் கட்டாயமில்லை. பாய்லர் வெடித்தால் உயிர் போகும், அதனால் அந்தக் கட்டாயம் சரிதான். ஆனால் ஒரு நாளைக்குப் பல டன் எண்ணெய் தன் கை வழியே போகும் ஆளுக்கு முறையான பயிற்சியும், அதற்கேற்ற சம்பளமும், சொன்னால் கேட்கப்படும் மரியாதையும் இருக்க வேண்டாமா? நெகிரி செம்பிலான் லாபுவில் வாரியத்தின் சோதனை ஆலையே இருக்கிறது. அங்கே பிரஸ் ஆட்களுக்குச் சான்றிதழ் வகுப்பு நடத்துவது, ஒரு புதுப் பிரஸ் வாங்கும் செலவோடு ஒப்பிட்டால் பெரிய காரியமில்லை.

சிறுதோட்டக்காரர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இன்னும் நேரடியானது. அடுத்த முறை எடை மேடையில் ரசீது வாங்கும்போது அதில் எண்ணெய் விகிதம் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் எழுதச் சொல்லுங்கள். இருந்தால், எந்தக் குலையைப் பார்த்து அந்த எண் போடப்பட்டது, காய் எத்தனை என்று கணக்கிட்டார்கள், உதிரிப் பழத்துக்குத் தனி விலை உண்டா என்று கேளுங்கள். தனியாகக் கேட்டால் பதில் வராது, பக்கத்துத் தோட்டக்காரர்களையும் கூட்டிக்கொண்டு போய்க் கேளுங்கள்.